விருந்தாளிக்கு வைக்காத உருண்டை

காலையில் கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தேன்கனிக்கோட்டை பேருந்து நிலையத்தில் வந்து இறங்கி, இருட்டுவதற்குள் இந்த ஊர்ச் சாப்பாடு இன்னதென்று தெரிந்துகொண்டு திரும்ப வேண்டும் என்று ஒருவர் நினைத்தால், அவருக்கு வயிறு நிறையும்; ஊர் மட்டும் பிடிபடாது. காலையில் இட்லியும் பூரியும், மதியம் அளவுச் சாப்பாடு அல்லது பிரியாணி, சாயங்காலம் டீயும் போண்டாவும், ராத்திரிக்குப் பரோட்டா. இதே வரிசை ஆத்தூரிலும் கிடைக்கும், அருப்புக்கோட்டையிலும் கிடைக்கும். தேடினால் களி போடுகிற மெஸ் ஒன்றிரண்டு அகப்படலாம். ஆனால் மணப்பாறை முறுக்கு, ஆம்பூர் பிரியாணி என்பதுபோல ஊர்ப்பெயரைச் சேர்த்துச் சொல்லி விற்கும் பண்டம் ஒன்று இங்கே இல்லை. இத்தனைக்கும் ஓசூர், தளி, கெலமங்கலம், அஞ்செட்டி என்று சுற்றியுள்ள மேட்டுநிலம் முழுவதும் தலைமுறை தலைமுறையாகக் கேழ்வரகை நம்பிப் பிழைத்த பூமி. அடுப்படியில் நாள்தோறும் உருண்ட களி கடைப்பலகையில் ஏறவில்லை. 'அது ஏழைச் சாப்பாடு, அதனால் மதிப்பில்லை' என்று ஒரு வரியில் பதில் சொல்லி முடிப்பது வழக்கம். பாதிதான் சரியான பதில் அது. ஓர் ஊர் எதை அதிகம் தின்றதோ அது அதன் சிறப்புணவாவதில்லை. வெளியாள் முன்னால் எதை எடுத்துவைக்கச் சம்மதித்ததோ அதுதான் சிறப்புணவாகிறது என்பது என் கட்சி. சம்மதம் வர வழிப்போக்கர் வேண்டும், வழிப்போக்கர் வரச் சாலை வேண்டும். தேன்கனிக்கோட்டைக்கு இரண்டும் வாய்க்கவில்லை.

இதை ஜப்பானை வைத்துப் பார்த்தால் எளிதில் விளங்கும். ஊருக்கு ஊர் ஒரு தின்பண்டம் என்பதை அவர்கள் அளவுக்கு ஒழுங்குபடுத்தியவர்கள் குறைவு. ஓசாகாவில் ஒரு நாள், ஹிரோஷிமாவில் ஒரு நாள் என்று போகிறவர்கள் கோவிலைப் பார்க்கப் போகிறார்களா சாப்பிடப் போகிறார்களா என்று சொல்வது கடினம். 'மெய்புத்ஸு', அதாவது பெயர்பெற்ற பொருள், என்று அங்கே ஒரு சொல்லே உண்டு. அந்தச் சொல்லுக்கு வாழ்வு கொடுத்தது சமையலறையைவிட நெடுஞ்சாலைதான். எடோவுக்கும் கியோட்டோவுக்கும் இடையே ஓடிய தொக்கைதோ சாலையில் 53 தங்கல்கள் இருந்தன. சிற்றரசர்கள் பரிவாரத்தோடு தலைநகரான எடோவுக்கு வந்து தங்கித் திரும்ப வேண்டும் என்பது தொக்குகவா ஆட்சியின் கட்டளை. ஆகவே ஆண்டு முழுவதும் ஆயிரக்கணக்கானவர்கள் கால்நடையாகப் போய்க்கொண்டே இருந்தார்கள். மரிக்கோ என்ற தங்கலில் மலைக்கிழங்கைத் துருவிக் கொழகொழவென்று ஒரு குழம்பாக்கிச் சோற்றின்மேல் ஊற்றிக் கொடுத்தார்கள். ஓவியர் ஹிரோஷிகே 1830களில் 53 தங்கல்களையும் வரைந்தபோது, மரிக்கோவுக்கு அவர் தேர்ந்தெடுத்தது கோவிலையோ மலையையோ அல்ல. கூரை வேய்ந்த ஒரு சாப்பாட்டுக் கடையை. முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்ட ஒரு பெண் பரிமாற, இரண்டு வழிப்போக்கர்கள் கிண்ணமும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார்கள். கிழங்கு அந்த மலைகளில் எல்லா இடத்திலும் விளைந்ததுதான். நடந்து களைத்தவர்கள் உட்காரும் இடத்தில் விற்றதால் அது மரிக்கோவின் கிழங்கானது. சாலை போய் ரயில் வந்தபோதும் கதை மாறவில்லை. 1885இல் உத்ஸுனோமியா நிலையத்தில் மூங்கில் பட்டையில் சுற்றி விற்ற சோற்றுருண்டையில்தான் ரயில்நிலையப் பொட்டலச் சாப்பாடு தொடங்கியது என்பது அங்கே பரவலாகச் சொல்லப்படும் வரலாறு.

நம் ஊர்களும் இப்படியே பெயர் வாங்கின. மணப்பாறை முறுக்கை ஊரெங்கும் கொண்டுபோனது ரயில். பழனிப் பஞ்சாமிர்தத்தைப் பாதயாத்திரைக் கூட்டம் வீட்டுக்கு எடுத்துப் போயிற்று. ஆம்பூர், சென்னை–பெங்களூர் ரயிலும் சாலையும் ஒருசேரப் போகிற இடத்தில் இருக்கிறது. தேன்கனிக்கோட்டை இருக்கும் இடத்தைப் பாருங்கள். பெங்களூரிலிருந்து ஓசூருக்கு இறங்கும் பெருவழி அங்கிருந்து கிழக்கே திரும்பி, சூளகிரி வழியாகக் கிருஷ்ணகிரிக்குப் போய்விடுகிறது. தேன்கனிக்கோட்டை ஓசூருக்குத் தெற்கே சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி, காட்டைப் பார்த்து முகம் திருப்பி உட்கார்ந்திருக்கிறது. இதைத் தாண்டினால் அஞ்செட்டி, அப்புறம் மேலகிரி மலை, அதற்கப்பால் காவிரி. ஆட்சி மாற்றத்திலும் இது பின்தங்கியே வந்து சேர்ந்தது. திப்புவோடு செய்த 1792 உடன்படிக்கையில் கீழே பாராமகால் கம்பெனிக்குப் போய், அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் நிலம் அளக்கத் தொடங்கிவிட்டார்கள். மேலே இருந்த ஓசூர்ச் சீமை 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகே கைமாறியது. ரயிலும் வந்தது, வயிற்றெரிச்சலோடு. மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906இலும், அங்கிருந்து ஓசூருக்கு 1913இலும் போட்ட குறுகிய பாதை பஞ்சக் காப்புக்கென்று போடப்பட்டது. வெளியிலிருந்து தானியத்தை உள்ளே கொண்டுவரும் எண்ணத்தில் பிறந்த ரயிலில் யார் பொட்டலம் விற்பார்கள்? இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அதையும் மூடித் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். இன்றைய சேலம்–பெங்களூர்ப் பாதை 1960களின் இறுதியில் வந்தது. அதிலும் கெலமங்கலத்துக்கு நிலையம் உண்டு, தேன்கனிக்கோட்டைக்கு இல்லை.

சாலை இல்லாத ஊரில் சாப்பாடு வேறு விதமாக வளர்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரம், செம்மண், ஏரியும் கிணறும் எட்டாத இடமெல்லாம் மானாவாரி. ஆப்பிரிக்க மேட்டுநிலங்களில் பிறந்த கேழ்வரகு இந்த மண்ணைத் தாய்வீடாக எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை. ஆனி, ஆடியில் விதைத்துக் கார்த்திகையில் அறுக்கும் அந்த வயலில் கேழ்வரகு தனியாக நிற்பதில்லை. சில சால்களுக்கு ஒரு சால் அவரை, ஓரத்தில் ஆமணக்கு, இடையிடையே கடுகு, அங்கங்கே சோளம், பேயெள். கர்நாடக எல்லையின் அந்தப் பக்கம் இந்த ஊடுபயிர் வரிசையை 'அக்கடி' என்பார்கள். ராகி அறுத்து முடிந்ததும் அவரை நிலத்தை எடுத்துக்கொள்ளும். மார்கழிப் பனி இறங்க இறங்கக் காய் முற்றும். இப்போது தட்டைப் பார்த்தால் விஷயம் புரியும். நடுவில் களி, பக்கத்தில் அவரைக்கொட்டைக் குழம்பு, தாளிப்பில் கடுகு, வரப்பில் தானாக முளைத்த கீரையைக் கடைந்த கடைசல். உப்பையும் மிளகாயையும் புளியையும் களியில் சேரும் பிடி நொய்யரிசியையும் கழித்துவிட்டால் தட்டு முழுவதும் ஒரே கொல்லையிலிருந்து வந்தது. சமையல் நூல் எழுதுகிறவர்கள் 'பொருத்தமான தொடுகறி' என்பார்கள். பொருத்தத்தை முடிவுசெய்தது நாக்கல்ல, விதைத்த கை.

களி கிண்டுவது என்பது பெயரளவில்தான் சமையல், உண்மையில் உடலுழைப்பு. உலை கொதிக்கும்போது ஒரு பிடி நொய்யரிசியைப் போட்டுக் குழைய விட்டு, அதன்மேல் மாவை மலைபோலக் கொட்டி, துடுப்பின் காம்பால் நடுவே ஒரு குழி குத்தி, கிளறாமல் அப்படியே விட வேண்டும். குழி வழியாகக் கொதிநீர் பொங்கி மேலே வரும். அவசரப்பட்டுக் கிளறினால் உள்ளே பச்சை மாவு நின்றுபோகும். வெந்ததும் சட்டியைத் தரையில் இறக்கி, கவைக்கட்டையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, துடுப்பால் ஓங்கி ஓங்கிக் கிண்ட வேண்டும். கட்டி தட்டினால் வீட்டில் பேச்சு வாங்க வேண்டிவரும். ஈரக்கையால் உருட்டி வைத்த உருண்டை கண்ணாடிபோல மினுங்கும். அதைக் கிள்ளி, குழம்பில் புரட்டி, மெல்லாமல் விழுங்க வேண்டும்; மென்றால் பல்லில் ஒட்டும். தமிழ் வீட்டில் களி, கன்னட வீட்டில் முத்தே, தெலுங்கு வீட்டில் சங்கடி. 1956இல் மொழிவழியே மாநிலங்களைப் பிரித்தபோது ஓசூர் யாருக்கு என்று வழக்காடியவர்கள் எந்த மொழி எத்தனை பேர் பேசுகிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். சட்டியை எண்ணியிருந்தால் எல்லைக்கோடு போடவே முடிந்திருக்காது.

கேழ்வரகுக்கு இன்னொரு குணம் உண்டு. இந்த வரலாற்றில் அதற்குத்தான் முதலிடம். அது கெடாது. மணி கடுகளவு சிறிது. வண்டு துளைப்பது அரிது. மண்ணில் குழி தோண்டி, வைக்கோல் அண்டை கொடுத்து, வாயை மூடிவிட்டால் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். நெல்லுக்கு இந்த ஆயுள் இல்லை. இந்த வித்தியாசத்தையே கதையாக்கிக் கன்னடத்தில் கனகதாசர் 16ஆம் நூற்றாண்டில் 'ராமதான்ய சரித்ரே' எழுதினார். நெல்லுக்கும் ராகிக்கும் யார் பெரியவர் என்று சண்டை வர, ராமன் இரண்டையும் ஆறு மாதம் சிறையில் போடுகிறான். நெல் பாழாகி வெளியே வருகிறது, ராகி போட்டபடி இருக்கிறது, தீர்ப்பு ராகிக்கு. சாதிப் படிநிலையைச் சாடும் நூல் என்று இதைப் படிப்பதுண்டு, சரியான வாசிப்புதான். ஆனால் வழக்கை முடித்துவைக்கிற சாட்சி கிட்டங்கிக் கணக்கு என்பதையும் கவனிக்க வேண்டும். 1876–78 தாது வருஷப் பஞ்சம் கிட்டங்கியையும் தோற்கடித்தது. இந்தப் பகுதி அப்போது சேர்ந்திருந்த சேலம் மாவட்டத்தில் 1871 கணக்கெடுப்பில் 19 லட்சத்துக்கு மேல் இருந்த மக்கள்தொகை 1881இல் 16 லட்சத்துக்கு இறங்கியது. மேற்சொன்ன பஞ்ச ரயில் பிறந்ததன் பின்னணி இதுதான். குழியில் தானியத்தைப் பதுக்கி வைத்து, அடுத்த மழை பொய்த்தால் என்ன செய்வது என்ற பயத்தோடு வாழ்கிற ஊர், சாப்பாட்டை விற்பனைப் பொருளாக நினைக்க நியாயமில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். தேன்கனிக்கோட்டைக்கு வெளியாள் வரவே இல்லை என்று எப்படிச் சொல்வது? பேட்டராய சுவாமி கோவில் இருக்கிறது. வேட்டைக்காரனாக நிற்கும் பெருமாள். கன்னடத்தில் பேட்டெ என்றால் வேட்டை. தேர்த்திருவிழாவுக்குச் சுற்றுவட்டாரமே கூடும். பழனிக்கு யாத்திரீகர் பஞ்சாமிர்தம் தந்ததுபோல இங்கே ஏன் எதுவும் பிறக்கவில்லை? முதலாவது, தேருக்கு வந்தவர்கள் பெரும்பாலும் அக்கம்பக்கத்துக் கிராமத்தார். அவர்கள் வீட்டிலும் அதே களிதான், அதைக் காசு கொடுத்து வாங்க அவர்களுக்கு என்ன தலையெழுத்து? இரண்டாவது காரணம் இதைவிட ஆழமானது. பெருமாள் கோவில் மடைப்பள்ளியில் ஏறுவது பொதுவாக அரிசி. புளியோதரைக்கும் பொங்கலுக்கும் இடம் உண்டு, கேழ்வரகுக்கு இல்லை. வீட்டிலும் அதே சட்டம். 'நெல்லுச்சோறு' என்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் உரியது என்று இருந்த காலம் இந்த மாவட்டத்துப் பெரியவர்கள் பேச்சில் இன்னும் இருக்கிறது. மருமகன் வந்தால் சோறு, அதிகாரி வந்தால் சோறு. களியைப் போட்டால் அவமானம், அது வந்தவருக்கா போட்டவருக்கா என்பது வேறு விஷயம். யுகாதிக்குத் தட்டும் ஒப்பட்டு மட்டும் இரண்டு பக்கமும் நடமாடியது. அது இனிப்பு, அதற்குக் கோதுமையும் வெல்லமும் பருப்பும் வேண்டும், அண்டை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் பெருமை. ஒரே அடுப்பில் வெளியாளுக்கு ஒரு தட்டு, வீட்டாளுக்கு ஒரு தட்டு.

அப்படியானால் 'ஏழைச் சாப்பாடு' என்ற பழைய பதிலுக்குத்தானே திரும்பி வந்திருக்கிறோம் என்று கேட்கலாம். இல்லை. ஏழைச் சாப்பாடு என்பது முடிந்த முடிவல்ல என்பதற்கு ஜப்பானிலேயே அத்தாட்சி கிடைக்கிறது. தகமத்ஸு நகரம் இருக்கும் ககாவா மாகாணம் மழை குறைந்த பூமி. குளம் வெட்டியே காலம் தள்ளியது. நெல்லுக்குத் தண்ணீர் போதாமல் கோதுமை விதைத்து, அதைத் தடித்த உதோன் நூலாக்கித் தின்றார்கள். 1988இல் கடலின் குறுக்கே பாலம் கட்டி ஆள் வரத்து கூடியபோது அந்த நூலே மாகாணத்தின் முகவரியானது. ஹிரோஷிமாவின் ஒக்கோனொமியாக்கி, போருக்கு முன் காசுக்கு ஒன்று என்று பிள்ளைகளுக்கு விற்ற மாவுத்தோசை. அணுகுண்டு விழுந்த ஊரில் அமெரிக்காவிலிருந்து வந்த மாவில் பசியாறியவர்கள் அதைப் பெருக்கினார்கள். வறுமை அங்கே மறைக்க வேண்டியதாகத் தங்கிவிடவில்லை. சாலையோரம் வந்து கடை போட்டுக்கொண்டது. இன்னொரு மறுப்பு, களியைக் கட்டி எடுத்துப் போக முடியாது, ஆறினால் கல்லாகிவிடும் என்பது. மரிக்கோக் கிழங்குக் குழம்பையும் கட்டி எடுத்துப் போக முடியாதுதான். அதைவிட நெருக்கமான சான்று எல்லைக்கு அந்தப் பக்கமே இருக்கிறது. பெங்களூரின் மிலிட்டரி ஓட்டல்களில் முத்தேயும் ஆட்டுக்கறிச் சாறும் பல பத்தாண்டுகளாக விற்பனைக்கு உண்டு. கிராமத்திலிருந்து பிழைப்புக்கு வந்தவன் நகரத்தில் வெளியாள். வெளியாளானதும் வீட்டுச் சாப்பாட்டைக் காசு கொடுத்து வாங்கினான். 1996இல் தேவெ கௌடா பிரதமரானபோது முத்தே தில்லிப் பத்திரிகைகளில்கூட அடிபட்டது. தேன்கனிக்கோட்டைக்கு 60, 70 கிலோமீட்டருக்குள் அதே உருண்டை இப்படிப் பெயரெடுத்தது. தானியத்திலோ சுவையிலோ ஒரு குறையும் இருக்கவில்லை.

இந்தப் பக்கம் அதே பத்தாண்டுகளில் அரிசி வீட்டுக்குள் வந்தது, அதுவும் அரசின் கையால். 1967 தேர்தலில் ரூபாய்க்குப் படியரிசி வாக்குறுதி, 1982இல் சத்துணவு, 2008இல் கிலோ ஒரு ரூபாய், 2011 முதல் விலையில்லா அரிசி. விருந்தாளிக்கென்று இருந்த சோறு வீட்டாளுக்கும் கிடைத்தது. பாரம்பரியத்தை அரசு அழித்துவிட்டது என்று இதைப் பழிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. விடிவதற்கு முன் எழுந்து திருகை சுற்றிய கைகளும், துடுப்புப் பிடித்துத் தோள் கழன்ற கைகளும் பெண்களுடையவை. அரிசியைக் களைந்து உலையில் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாம் என்பது அவர்களுக்கு விடுதலை. பசியில்லாமல் பள்ளிக்கூடம் போன பிள்ளைக்கும் அப்படியே. இழப்பைப் பேசுகிறவர்கள் அந்தத் துடுப்பை ஒரு வாரம் பிடித்துவிட்டுப் பேசலாம். ஆனால் வரலாற்றுக் கணக்கில் ஒன்றைக் குறிக்க வேண்டும்: களி சந்தைக்கு வரும் முன்பே வீட்டிலிருந்து விலகத் தொடங்கிவிட்டது. பெங்களூரில் உருண்டை கடையேறிய அதே காலத்தில் இங்கே அது வாரத்துக்கு ஒருமுறை என்றானது.

கடைசி மறுப்பு ஒன்று உண்டு. களி மைசூருக்கும் சொந்தம், ராயலசீமைக்கும் சொந்தம், தர்மபுரிக்கும் சொந்தம். தேன்கனிக்கோட்டை மட்டும் எப்படி உரிமை கொண்டாடும்? உரிமை என்பது பிறப்பால் வருவதானால் உத்ஸுனோமியாவுக்கு 'கியோஸா' கொழுக்கட்டை எப்படிச் சொந்தமாகும்? அது சீனத்து உணவு. மஞ்சூரியாவுக்குப் போய்த் திரும்பிய படைவீரர்கள் கொண்டுவந்தது. 1990 வாக்கில் நகராட்சி ஊழியர்கள் வீட்டுச் செலவுக் கணக்கெடுப்பைப் புரட்டும்போது, நாட்டிலேயே தம் ஊரார்தான் அதற்கு அதிகம் செலவழிக்கிறார்கள் என்று கண்டார்கள். அதையே ஊர் அடையாளமாக்கி, ரயில் நிலையத்தில் கொழுக்கட்டைக்குக் கற்சிலையும் வைத்துவிட்டார்கள். பெயர் வைக்கிறவனுக்குத்தான் பண்டம். இதை இந்த மாவட்டத்துக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை; எதிர்த் திசையில் நன்றாகவே அனுபவித்திருக்கிறது. கிருஷ்ணகிரி மாந்தோப்புகளில் காய்த்துத் தொங்கி, இங்குள்ள ஆலைகளிலேயே கூழாகிக் கப்பலேறும் கிளிமூக்கு மாங்காயின் சந்தைப் பெயர் 'பெங்களூரா'.

2023ஐச் சிறுதானிய ஆண்டாக ஐ.நா. அறிவித்தது. அந்த ஆண்டே நீலகிரியிலும் தர்மபுரியிலும் ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டம் தொடங்கியது. கேழ்வரகுக்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை 2023–24இல் குவிண்டாலுக்கு 3,846 ரூபாய். கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கொள்முதல் நிலையங்களில் எடைபோட்டு வாங்கிய மூட்டைகள் அரசுக் கிடங்குக்குப் போயின. சர்க்கரை நோய்க்கு ராகி மருந்து என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொண்டது. நைசாக அரைத்த மாவு சீக்கிரம் செரித்துச் சர்க்கரையை ஏற்றும் என்பதைக் கேட்க யாருக்கும் பொறுமையில்லை. 1970களில் ஓசூரில் சிப்காட் வந்த பிறகு தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாகத் தெற்கே நகர்ந்து, இப்போது வெளிமாநிலத்து இளைஞர்கள் இந்தச் சாலைகளில் கூட்டமாக இறங்குகிறார்கள். ஊருக்கு முதல்முறையாக வழிப்போக்கர் கிடைத்திருக்கிறார்கள். அவர்களுக்காகத் திறந்த கடைகளில் சப்பாத்தியும் முட்டைப் பொரியலும் கிடைக்கின்றன. கார்த்திகையில் தளி ரோட்டில் கேழ்வரகுத் தாளைப் பரப்பி, போகிற லாரியைக் கொண்டே கதிரடிக்கிறார்கள். அதே பருவத்தில் ஜவளகிரிக் காட்டிலிருந்து யானைக் கூட்டம் இறங்குகிறது. இந்த வட்டாரத்துக் கேழ்வரகைத் தேடி, ஆண்டு தவறாமல், அத்தனை தூரம் நடந்து வருகிற ஒரே வெளியாள் அதுதான்.

மார்கழியில் இன்னொரு வேலையும் நடக்கிறது. முற்றிய பச்சை அவரைக்கொட்டையை ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, விடிந்ததும் குடும்பமே சுற்றி உட்கார்ந்து, ஒவ்வொரு கொட்டையாகக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துப் பிதுக்குகிறது. தோல் கையில் நிற்க, பருப்பு வழுக்கிக்கொண்டு பாத்திரத்தில் விழும். இதுதான் பிதுக்கம்பருப்பு; கன்னடத்தில் இதகித பேளே. பனி குடித்த காயில் மட்டும் வரும் ஓர் எண்ணெய் மணம் உண்டு, அதைச் 'சொகடு' என்பார்கள். பருவம் பார்க்காமல் பூக்கும் அவரை ரகங்களைப் பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட பிறகு ஆண்டு முழுவதும் காய் கிடைக்கிறது, மணம் அப்படிக் கிடைப்பதில்லை என்பது தின்றவர்களின் புகார். பெங்களூரில் குளிர்காலத்தில் அவரைக்கென்றே மேளா கூடுகிறது. தோசையிலிருந்து ஜிலேபி வரை எல்லாம் அவரையில். பிதுக்கிய பருப்பைக் கிலோக் கணக்கில் பையில் கட்டி விற்கிறார்கள். உரித்த கை எந்த ஊர்க் கை என்று வாங்குகிறவர் கேட்பதில்லை. இங்கே திண்ணையில் மிஞ்சிய தோலைக் கூட்டி அள்ளி மாட்டுக்கு வைக்கிறார்கள்.